சாம்பார் வாளியோடு நின்றவர்

மேலப்பாளையம்,
4.3.2024

அன்புள்ள மதினிக்கு,

இனாயத்துல்லா எழுதுகிறேன். அண்ணாச்சி போய்ப் பதினாறு நாள் ஆகிவிட்டது. கூட லாரி ஓட்டியவன் முகம் பார்க்கக்கூட வரவில்லையே என்று உங்களுக்கு வருத்தம் இருக்கும். எனக்கு இரண்டு காதும் சுத்தமாகப் போய்விட்டது மதினி. முப்பது வருஷம் இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்ததற்குக் கிடைத்த பென்ஷன். தனியாக ரயிலேற மகள் சஃப்ரீன் விடமாட்டேன் என்கிறாள். போனிலும் பேச முடியாது. அதனால்தான் கடிதம்.

உங்கள் சந்து முனையில் கட்டிய கண்ணீர் அஞ்சலி பேனரை உங்கள் மகன் வேல்ராஜ் படம் பிடித்து அனுப்பியிருந்தான். பட்டாளத்து உடுப்பில் அண்ணாச்சி புதுமாப்பிள்ளை மாதிரி இருக்கிறார். பார்த்து அழுதேன். ஆனால் ஒரு குறை. ‘முன்னாள் ராணுவ வீரர் செல்லப்பாண்டி’ என்று போட்டிருக்கிறீர்களே, லாரி எங்கே போயிற்று? பட்டாளத்தில் பதினேழு வருஷம் அவர் ஓட்டியதும் லாரிதான். வெளியே வந்து என்னோடு பதினாலு வருஷம் ஓட்டியதும் லாரிதான்.

வழியில் எவன் வண்டி பஞ்சராகி நின்றாலும் இறங்கிவிடுவார். நேரமாகிறது என்று நான் கத்தினால், “வெங்காயம்தானலே, ரெண்டு அழுகுனா அழுகட்டும்” என்பார். முதலாளியிடம் வசவு வாங்குவது நான். நாசிக்கில் மகள் மாலதிக்குத் திராட்சை வாங்காமல் வண்டி நகராது. அது நசுங்காமல் மடியில் வைத்துக்கொண்டு வருவதும் நான்தான். அப்படிப்பட்ட மனுஷரை யாரோ மாதிரி எழுதிவிட்டீர்களே.

தப்பாக எழுதியிருந்தால் மன்னிக்கவும்.

உங்கள் தம்பி,
இனாயத்துல்லா

தாராவி,
19.3.2024

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் வந்தது. காது போன விஷயத்தை இத்தனை நாள் எங்களுக்குச் சொல்லாமல் இருந்தீர்களே. சஃப்ரீனையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

லாரி என்று போட வேண்டாம் என்று சொன்னது நான்தான். வேல்ராஜ் போடத்தான் நினைத்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? ஷகாப்பூரில் சைக்கிளில் போன அந்தப் பால்காரர் செத்து வருஷம் பதினாலு ஆகிறது. கண் அசந்துவிட்டேன் என்று உங்கள் அண்ணாச்சியே கோர்ட்டில் ஒப்புக்கொண்டார். பத்து மாசம் ஜெயில், லைசென்ஸ் போயிற்று, அப்புறம் சாகிறவரை செம்பூரில் ஒரு பில்டிங் வாசலில் வாட்ச்மேன். இதில் லாரியைப் பெருமையாகப் போட என்ன இருக்கிறது?

அந்தப் பால்காரர் பெண்சாதி கோர்ட் வராந்தாவில் கைப்பிள்ளையோடு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன் தம்பி. அதன்பிறகு உங்கள் அண்ணாச்சி கையால் எதுவும் செய்யவிட எனக்குப் பயம். மாலதி கல்யாணத்தில் அவரை மேடையேற விடவில்லை. என் அண்ணன்தான் அவளைக் கைபிடித்துக் கொடுத்தார். ஒரு உயிர் போன கை, நல்ல காரியத்துக்கு வேண்டாம் என்று முதல்நாளே சொல்லிவிட்டேன். அவர் சண்டை போடவில்லை. “சரி பார்வதி, நான் பந்தியப் பாத்துக்கிடுதேன்” என்று சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மாலதியிடம், அப்பாதான் கூச்சப்பட்டு மேடையேற மாட்டேன் என்கிறார் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அவள் அதை மறக்கவில்லை. பக்கத்தில் கோவண்டியில் இருந்துகொண்டு, அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு மாசத்தில் இரண்டே தடவைதான் வந்தாள். அவர் போனபிறகு இதுதான் என்னைத் தூங்கவிடாமல் அரிக்கிறது. நான் செய்தது தப்பா? அன்றைக்கு வண்டியில் இருந்தவர் நீங்கள் ஒருவர்தான். நீங்கள் சொன்னால் எனக்கு மனசு ஆறும்.

மதினி,
பார்வதியம்மாள்

மேலப்பாளையம்,
2.4.2024

மதினிக்கு,

நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இனியும் மறைத்தால் நான் மனுஷனே இல்லை. அன்று வண்டி ஓட்டியது நான்.

அண்ணாச்சியின் பட்டாளத்துப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆள் மாறியே ஆக வேண்டும். இந்தூரில் லோடு ஏற்றும்போதே அவருக்குக் காய்ச்சல். இகத்புரியில் அவரை எழுப்பியிருக்க வேண்டும். சீட்டுக்குப் பின்னால் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கிடந்தார். பாவம் தூங்கட்டும், ஒரு நாள் மாறாவிட்டால் என்ன என்று நானே ஓட்டினேன். விடிகிற நேரம், ஷகாப்பூருக்குக் கொஞ்சம் முன்னால் எனக்குக் கண் சொக்கிவிட்டது. பால் கேன் உருண்ட சத்தத்தில்தான் விழித்தேன்.

வயல் பக்கமிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். அண்ணாச்சி என்னைத் தள்ளிவிட்டு ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்துகொண்டார். “உன் பேரக் கேட்டாம்னா உசுரோட விடமாட்டான்லே. நான் பட்டாளத்துக்காரன், ரெண்டு அடியோட விட்டுருவான். வாயத் தொறக்காத” என்றார். அடுத்த மாதம் சஃப்ரீனுக்கு நிக்காஹ். நான் வாயைத் திறக்கவில்லை. கோர்ட்டிலும் திறக்கவில்லை. ஜெயிலில் பார்க்கப் போனபோது, வீட்டில் சொல்லவா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். எனக்கு அது வசதியாகப் போயிற்று.

மாலதி கல்யாணத்துக்கு நான் வந்திருந்தேன். அவர் ஏன் மேடையில் இல்லை என்று எனக்குத் தெரியாதா? என் இலைக்குச் சாம்பார் ஊற்றியது அவர்தான். “இன்னும் கொஞ்சம் போட்டுக்கோலே” என்றார். நான் சாப்பிட்டேன் மதினி.

பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

இனாயத்துல்லா

தாராவி,
16.5.2024

தம்பிக்கு,

ஒரு மாசத்துக்கு மேல் உங்களுக்கு எழுதவே கூடாது என்று இருந்தேன். உங்கள் கடிதத்தை அடுப்பில் போடப் போய் இரண்டு தடவை திரும்பிவிட்டேன்.

உங்களைக் கூட்டத்திடமிருந்து காப்பாற்றினாரே, அதில் எனக்குக் குறையில்லை. அவர் அப்படித்தான் செய்வார். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்பதுதான் ஆறவில்லை. பதினாலு வருஷம் ஒரே வீட்டில், நான் என்னென்னவோ பேசினேன், அத்தனையும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். யோசித்துப் பார்த்தால் காரணம் தெரிகிறது. சொல்லியிருந்தால் மறுநாளே நான் ஸ்டேஷன் வாசலில் போய் நின்றிருப்பேன். என் புருஷனை விடுங்கள், அவனைப் பிடியுங்கள் என்று கத்தியிருப்பேன். என்னை அவருக்கு நன்றாகத் தெரியும்.

வேல்ராஜிடம் சொன்னேன். கேட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டான். மாலதிக்குத் தமிழ் எழுத்துக்கூட்டத்தான் வரும், அதனால் அவளை வரச்சொல்லி உங்கள் கடிதத்தை நானே படித்துக் காட்டினேன். கல்யாண விஷயத்தையும் மறைக்கவில்லை.

“அப்பா வரமாட்டேன்னு சொல்லலியா?” என்றாள்.

“இல்லட்டி. நாந்தான் வேண்டாம்னேன்.”

கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்தாள். அப்புறம், “லாஸ்ட் டைம் ஆஸ்பத்திரியில அப்பா தண்ணி கேட்டாங்கம்மா. நான் நர்ஸைக் கூப்பிட்டுட்டு, செல்போனப் பாத்துட்டு இருந்தேன்” என்றாள். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். மூன்று வாரமாகிறது, நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. கோவண்டிக்கே போய்ப் பார்த்தேன். மருமகன்தான் கதவைத் திறந்து, அவளுக்குத் தலைவலி, தூங்குகிறாள் என்றார். உள்ளே அவள் பேச்சுக்குரல் கேட்டது.

உங்களை மன்னிக்க எனக்கு மனசு வரவில்லை தம்பி. வராது என்றும் தோன்றுகிறது. ஆனால் கடிதத்தை நிறுத்திவிடாதீர்கள். அவரைப் பற்றிப் பேச எனக்கு வேறு ஆளில்லை.

அன்று இந்தூரில் அவருக்குக் காய்ச்சல் என்று எழுதியிருக்கிறீர்கள். அது எனக்குத் தெரியவே தெரியாது. மாத்திரை ஏதாவது போட்டாரா? சாப்பிட்டாரா, இல்லை வெறும் வயிற்றோடு படுத்துவிட்டாரா? எழுதுங்கள்.

பார்வதியம்மாள்