லோரனின் மணிக்கட்டு

ஜூன் 11, 1974

இன்று எங்கள் வர்ஜிலுக்கு விலாவில் அடி. ஆற்றுக்கு அக்கரை அணியில் பந்து வீசுகிறவன் வேண்டுமென்றேதான் எறிந்தான். முன்பு அவன் வீசிய பந்தை வேலிக்கு வெளியே அடித்துவிட்டு வர்ஜில் நின்று ரசித்தான் அல்லவா, அதற்காக. இனி அவர்கள் ஆள் ஒருவனை அடிப்பது எங்கள் முறை. எங்கும் எழுதி வைக்காத சட்டம், ஆனால் பேஸ்பால் ஆடுகிற எல்லாருக்கும் தெரியும். நாளை பந்து வீசப் போவது நான்.

மேனேஜர் ஆஸி ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "டேய் வெண்டல், நாளைக்கு அவனுங்கள்ல நாலாவதா மட்டை புடிக்கிற ஆளு. விலாவுல ஒண்ணு வை. தலைக்கு மட்டும் போயிடாத."

நாலாவது ஆள் லோரன். இருபத்திரண்டு வயசு. அவன் மனைவி ஐனாவும் என் மனைவி அடேலும் ஒரே ரொட்டிக்கடையில் வேலை. என்னைப் பார்த்தால் வாய் நிறைய "அண்ணே" என்பான். அவனைப் போய் எப்படி அடிப்பது? அடிக்காவிட்டால் ஆஸி என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார், முப்பத்தைந்து வயசுக்காரனை வேறு யார் எடுப்பார்கள்?

உடம்பை ஒட்டினாற்போல் ஒன்று போடுகிறேன். பின்னால் துள்ளி விலகிக்கொள்வான். குறி தப்பிவிட்டது என்று ஆஸியிடம் சொல்லிக்கொள்ளலாம்.

ஜூன் 12

தூறல். பந்து சோப்புக்கட்டி மாதிரி வழுக்கிவிட்டது. மணிக்கட்டில் பட்ட சத்தம் என் வரைக்கும் கேட்டது.

லோரன் தடவிக்கொள்ளவில்லை. அடிபட்ட இடத்தைத் தடவினால் மானக்கேடு, வலியை வீசியவனுக்குக் காட்டக் கூடாது. மட்டையைப் போட்டுவிட்டு, பந்தால் அடிபட்டவனுக்கு ஓடாமலே கிடைக்கிற முதல் தளத்துக்கு நடந்தான். அங்கே போய்க் கையுறையைக் கழற்ற முடியாமல் நின்றபோதுதான் எல்லாருக்கும் விளங்கியது.

நான் எங்கள் பெஞ்சுக்குத் திரும்பினேன். வரிசையாக முதுகில் தட்டினார்கள். ஆஸி, "சொன்னா செய்றவன்டா நீ" என்றார். இல்லை, வழுக்கிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். சொன்னேனா?

ஜூன் 13

எலும்பு முறிவு. அடுத்த வாரம் மேல் அணிக்குப் போக வேண்டியவன்.

சே.

ஜூன் 19

உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்கத்தான் லோரன் வீட்டுக்குப் போனேன். மாவுக்கட்டுக் கையோடு அவனே முந்திக்கொண்டான்.

"அண்ணே, வேணும்னுதானே போட்டீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் மேலே பேசினான். "வேணும்னு போட்டிருந்தா பரவால்ல. எங்காளு வர்ஜிலுக்குப் போட்டான், நீங்க எனக்குப் போட்டீங்க, அதோட முடிஞ்சுது. கை வழுக்கி வந்துச்சுன்னா? எவன் கை எப்ப வழுக்கும்னு யாருக்குத் தெரியும்? கண்ண மூடினா பந்து மூஞ்சிக்கு வருது அண்ணே. அப்படின்னா நான் இனிமே அங்க போய் நிக்கவே மாட்டேன்."

"ஆஸி சொன்னாரு, போட்டேன்" என்றேன். "விலாவுக்குத்தான் குறி வெச்சேன். நீதான் கைய எறக்கிட்ட."

அவன் முகம் தெளிந்துவிட்டது. "படுபாவி மனுஷன்" என்று சிரித்தான். பாலத்தைத் தாண்டுவதற்குள் நான் அழுதுவிட்டேன்.

ஜூலை 3

ஐனா கடையில் சொல்லியிருக்கிறாள். அடேல் வந்ததும் வராததுமாக, "தெரிஞ்சே அந்தப் புள்ள கைய ஒடைச்சீங்களா?" என்றாள்.

இவளிடம் உண்மையைச் சொன்னால் நாளைக்கே அது ஐனா காதுக்குப் போகும். ஆமாம் என்றேன்.

ஜூலை 21

அடேல் இன்னும் பேசவில்லை. என்ன பிழைப்பு இது.

ஆகஸ்ட் 30

கட்டுப் பிரித்து லோரன் ஆட வந்துவிட்டான். வீசியது நான்.

முன்பைவிடப் பந்து வரும் வழியை ஒட்டி நின்றான். எல்லாவற்றையும் அவனுக்கு எட்டாத தூரத்திலேயே போட்டேன். "என்ன அண்ணே, பயமா?" என்று அங்கிருந்தே கத்தினான். சரி என்று உடம்பை ஒட்டி ஒன்று போட்டேன். இமைகூட அசையவில்லை. அடுத்த பந்து வேலிக்கு அப்பால் போய் விழுந்தது. ஆஸி என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

வீட்டுக்கு வந்து, அடேல் கேட்கிறாளோ இல்லையோ என்று எல்லாவற்றையும் சொன்னேன். தூறல், வழுக்கல், அவன் கேட்டது, நான் சொன்னது. பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தவள் துணியை வைத்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "லோரன்கிட்ட மட்டும் என்னைக்கும் சொல்லிடாதீங்க."