உன்னை எவன் அடித்தான்?

பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில் இன்று தே தாரிக், அந்த இழுத்து ஆற்றிய டீ, வைத்தார்கள். நுரை அடங்கவே இல்லை. குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். எனக்கு எழுத வராது. நான் சொல்கிறேன், மகள் எழுதுகிறாள். நீ கேள்.

தொண்ணூறுகளில் கிள்ளான் துறைமுகக் கிடங்கில் நாம் மூட்டை தூக்கினோம். கள்ளுக்கடைக்குப் பின்னால், சுவரோரம் உன் சிறுநீர் அப்படித்தான் நுரைத்து நின்றது. "சூடுடா" என்றாய். விட்டுவிட்டோம். பிறகு ஒரு காலை, கண் திறக்க முடியாமல் வீங்கிய முகத்தோடு வேலைக்கு வந்தாய்.

லோரி ஓட்டும் முனியன் சிரித்தான். "எவன்ணே கை வச்சான்? சொல்லுங்க லா! நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டீங்கபோல."

உன்மேல் எவனும் கை வைத்ததில்லை. அந்தப் பெயர்தான் உன் சொத்து. முனியன் தாடையைப் பெயர்த்தாய். பல் ரத்தத்தோடு அரிசி மூட்டைமேல் விழுந்தது. நீ போதையில் கிடந்தபோது எவனோ அடித்திருக்கிறான் என்று நம்பி, நாங்கள் மூட்டைக் கொக்கிகளோடு, துறைமுகத்தில் நம்மோடு எப்போதும் மோதும் எதிர்க் கூட்டத்தைத் தேடிப் போனோம். அவர்களில் ஒருவன் தோள் கிழிந்த பிறகும் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாதான் சொன்னார். "யாரும் அடிக்கல அங்கிள். கிட்னிதான். புண்ணை ஆத்துற, சதையை வளர்க்கிற சத்து உடம்புல இருக்கு. குரோத் ஃபேக்டர்னு சொல்வோம். உங்க கிட்னியில அது வேலையை நிறுத்தவே மாட்டேங்குது. தழும்புமேல தழும்பு போடுது. வடிகட்டி கெட்டு, புரதம் ஒண்ணுக்குல போயிடுது. அதான் நுரை, அதான் வீக்கம்."

நீ சட்டையைக் கழற்றி வெட்டுத் தழும்புகளைக் காட்டினாய். "எனக்குப் புண்ணு சீக்கிரம் ஆறிடும்மா. அதான் என் பலம்."

"அந்த ஆத்துறதுதான் அங்கிள், உள்ள அளவு தெரியாம அடிக்குது."

போன புரதத்தைத் திரும்ப ஏற்றுவேன் என்று, டாக்டரம்மா தடுத்தும் கேளாமல், முட்டையும் ஆட்டிறைச்சியுமாகத் தின்றாய். ஒரு நாள் கறிக் கோப்பையைப் பிடுங்கினேன். நீ அதைப் பறித்து என் நெற்றியைப் பிளந்தாய். "பட்டினி போட்டுக் கொல்றியாடா?" ரத்தம் கண்ணில் இறங்க, உன்னைச் சுவரோடு அழுத்தினேன். நீ திமிறவில்லை. கையை எடுத்தபோது, என் விரல்கள் அழுந்திய இடமெல்லாம் உன் கையில் குழியாகவே நின்றது.

நீயும் அதைப் பார்த்தாய். "மச்சான், ஆளைக் காட்டுடா. கண்ணுக்குத் தெரியாதவன எப்படிடா அடிக்கிறது?"

அந்த வருஷத் தீபாவளிக்கு நீ உயிரோடு இல்லை.

என் நெற்றிப் புண் சீக்கிரமே மூடிக்கொண்டது. தழும்புதான் நிற்கவில்லை, தடித்துத் தடித்துப் புருவம்வரை இறங்கிவிட்டது. வெட்டி எடுத்துவிடலாம் என்கிறாள் மகள். வேண்டாம் என்றேன். தினமும் காலையில் கழிவறையில் அதைத் தடவிக்கொண்டே குனிந்து பார்க்கிறேன், நுரை நிற்கிறதா என்று.