தொடங்கும் முன்பே முடிந்த வகுப்பு

ஜூன் 6

அன்புள்ள அண்ணனுக்கு,

நீயும் அண்ணியும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். போனில் என்றால் என்னை வாயைத் திறக்கவே விட மாட்டாய், அதனால் எழுதுகிறேன்.

பாப்பாவுக்கு இன்று மூன்றாம் வகுப்பு தொடங்கியது. புதுப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டே, "எல்லாம் படிச்சாச்சும்மா, இதுல புதுசா ஒண்ணுமே இல்ல" என்றாள். லீவில் விளையாடத்தானே உன் வீட்டுக்கு அனுப்பினேன்? உன் டியூஷன் சென்டரில் உட்கார வைத்து வருஷப் பாடம் மொத்தத்தையும் ஊட்டி அனுப்பியிருக்கிறாயே! போன வருஷம் ராத்திரிக்கு ஒரு பாடம் என்று மிச்சம் வைத்துப் படித்தாள். அடுத்ததை நான் காட்டினால், "ஐயோ, அது நாளைக்கு!" என்று மூடிவிடுவாள். இந்த வருஷம் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. எனக்குக் கோபம்தான் அண்ணா.

அண்ணியின் முதுகுவலி எப்படி இருக்கிறது?

உன் அன்புத் தங்கை


ஜூன் 14

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை அண்ணிக்குப் படித்துக் காட்டிச் சிரித்தேன். பிள்ளை படிக்கவில்லையே என்று ஊரே என் வாசலில் கண்ணைக் கசக்குகிறது. நீ, படித்துவிட்டாளே என்று மூக்கைச் சிந்துகிறாய்!

கெட்டிக்காரப் பிள்ளைக்கு வருஷத் தொடக்கத்தில் ஒரு தள்ளு கொடுத்தால் போதும், தானாக ஓடும். எனக்கு இதுதான் தொழில், நீ வீணாக அலட்டிக்கொள்ளாதே. சென்டர் வாசலில் புது போர்டு வைத்திருக்கிறேன். 'ஒரே லீவில் ஒரு வருஷப் பாடம்!' நடுவில் மருமகள் படம்தான். அட்மிஷன் பிய்த்துக்கொண்டு போகிறது.

அண்ணிக்கு வலி குறைந்திருக்கிறது.

அன்புடன் அண்ணன்


ஜூலை 2

அண்ணா,

என்னை ஒரு வார்த்தை கேட்காமல் பிள்ளை படத்தைத் தெருவில் மாட்டியிருக்கிறாய். முதலில் அதை எடு.

"உனக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்று டீச்சர் இவளை மற்ற பிள்ளைகளின் நோட்டைத் திருத்த வைத்துவிட்டார். அதிலிருந்து ஒரு பிள்ளையும் இவளோடு பேசுவதில்லை. பக்கத்தில் போனாலே, "டீச்சரம்மா வந்துட்டாங்க, வாங்கடி போலாம்" என்று எழுந்துவிடுகிறார்களாம். நான் வேலை பார்க்கும் லேபில் பர்மிஷன் போட்டுவிட்டு டீச்சரைப் போய்ப் பார்த்தேன். "ஐம்பது பிள்ளைங்க இருக்காங்க. மொத்தத்தையும் முடிச்சிட்டு வந்து உக்காந்திருக்கிற பிள்ளைக்கு நான் வேற என்னம்மா வேலை குடுப்பேன்?" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

நேற்று கணக்கில் பத்துக்கு ஆறு. தெரிந்தே தப்பாக எழுதியிருக்கிறாள். "தப்பா எழுதினா சேத்துக்குவாங்கன்னு நெனச்சேன்மா" என்றாள். அழக்கூட இல்லை.

ஒரே ஒரு தடவை வா. அவசரப்பட்டது மாமாதான், உன்மேல் தப்பில்லை என்று உன் வாயால் அவளிடம் சொல். நீ சொன்னால் கேட்பாள். உன்மேல் உயிரையே வைத்திருக்கிறாள்.

தங்கை


ஜூலை 9

அன்புத் தங்கைக்கு,

ஆறா! எனக்கு நெஞ்சே அடைத்துவிட்டது. வேண்டுமென்றே தப்பாக எழுதினாளாம், நீயும் நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். கவனமில்லாத பிள்ளைகள் எல்லாம் சொல்லும் கதை இது. நீ கொடுத்த செல்லம்தான்.

சனி, ஞாயிறு இங்கே அனுப்பிவை. ஆறு வாங்கியதைப் பற்றி வெளியில் மூச்சு விடாதே. போர்டில் அவள் படத்தை எடுத்துவிட்டு வேறு பையன் படம் போட்டாயிற்று. இனி அதை வைத்துக்கொண்டிருந்தால் என் பேர் என்ன ஆவது? பத்துக்குப் பத்து எடுத்தால்தான் மாமா பழையபடி பேசுவேன் என்று அவளிடம் சொல்.

அண்ணன்


ஜூலை 13

அண்ணனுக்கு,

நான் வேலை முடிந்து வருவதற்குள் உன் கடிதத்தைப் பாப்பா பிரித்துப் படித்துவிட்டாள். எதையும் ஒரு தடவை படித்தால் மறக்காத பிள்ளை, உனக்குத் தெரியும்.

சாப்பிடும்போது கேட்டாள். "மாமாவுக்குப் பத்து எடுக்கணும். கிளாஸ்ல மத்த பிள்ளைங்களுக்கு அதைவிடக் குறைச்சு எடுக்கணும். உனக்கு எவ்ளோம்மா எடுக்கணும்?"

என் பதிலுக்காகச் சாப்பிடாமல் காத்துக்கொண்டிருந்தாள்.

அவளை இனி அங்கே அனுப்ப மாட்டேன். நீயும் வர வேண்டாம். பதிலும் எழுதாதே.

பாப்பாவின் அம்மா