ஜன்னல் வைத்த சமையலறை

ஜலஜா,

சிரிக்காமல் படி. “வீட்டைக் கண்ணால் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்” என்று பத்திரிகையில் நகைச்சுவைக் கட்டுரை எழுதிய உன் புருஷன், பார்க்காத வீட்டுக்கு அட்வான்ஸ் அனுப்பி ஏமாந்துவிட்டான்.

ஜன்னல் இல்லாத சமையலறைக்கு இனி வரமாட்டேன் என்று நீ அடையாறில் உன் தங்கை வீட்டுக்குப் போனதிலிருந்து, செல்போனில் வாடகை விளம்பரங்களைத்தான் மேய்ந்துகொண்டிருக்கிறேன். பேசிய ஓனர்கள் எல்லோரும் “ஃபேமிலியா, பேச்சலரா?” என்றார்கள். ஐம்பதைத் தாண்டியவன், என்ன சொல்வதென்று கொஞ்சம் யோசித்தேன். அதற்குள் போனை வைத்துவிட்டார்கள்.

ஒருவன் மட்டும், “மயிலாப்பூர்ல, ஜன்னல் வெச்ச கிச்சன் சார். மேடம் எப்ப வர்றாங்க?” என்றான். “அடுத்த வாரம்” என்று சொல்லிப் பணத்தை அனுப்பினேன்.

சாவி வாங்கப் போனால் வாட்ச்மேன், “இன்னா சார், நீயுமா? அந்த மாதிரி வீடே இங்க இல்ல” என்றார். பக்கத்து டீக்கடையே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து என் ஒற்றைத் தட்டைக் கழுவி வைத்தேன்.

தங்கையிடம் சொல்லிவிடாதே. சாயங்காலத்துக்குள் சாந்தோம் வரை தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
இன்னும் பேச்சலர் ஆகாத
உன் புருஷன்

பி.கு.: அவன் அனுப்பிய படத்தில், சமையலறை ஜன்னலுக்கு வெளியே மரங்களையெல்லாம் வெண்பனி மூடியிருந்தது. பணம் அனுப்புவதற்கு முன்பே அதைப் பார்த்துவிட்டேன்.