கோட்டை விட்ட அண்ணனுக்கு

ஸ்டோன்ஃபீல்ட், மாசசூசெட்ஸ்
4 மார்ச் 1787

அரசின் ஆயுதக் கோட்டையைப் பிடிக்கப் போய்க் கோட்டை விட்ட என் அண்ணன் ஈபனுக்கு,

எல்லை தாண்டி வெர்மான்டில் மாமா பண்ணையில் நலமா? சுதந்திரம் கேட்டுக் கிளம்பியவன் கம்பளி கேட்டு எழுதுகிறாயே! அனுப்பியிருக்கிறேன்.

இங்கே மேப்பிள் மரச்சாற்றைப் பாகாகக் காய்ச்சுகிறோம். அரசுப் படையாட்கள் தொப்பியில் அடையாளத்துக்கு இன்னும் வெள்ளைத் தாள்தான். உங்கள் கலகக்காரர்களின் அடையாளமான ஊசியிலைக் கொத்தைக் கண்டால் பிடித்துக் கொள்கிறார்கள். போன ஞாயிறு, சபை மூப்பர் லூத்ரப் கண்மூடி ஜெபிக்கையில் அவர் தொப்பியில் ஒரு கொத்தைச் செருகிவிட்டேன். வாசலில் காவலாள், "யாருய்யா நீ, கலகக்காரனா?" என்று மறித்துவிட்டான். அம்மா திருகியதில் என் காது இன்னும் சூடாக இருக்கிறது. நீ அதில் குளிர்காயலாம்.

அப்பா உன் பெயரை எடுப்பதில்லை. சாப்பாட்டு மேசையிலிருந்து உன் தட்டை எடுக்கவும் சொல்லவில்லை.

துப்பாக்கியை ஒப்படைத்து, அரசுக்கு விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்தால் மன்னிப்பாம். மூன்று வருஷம் ஓட்டுப் போடக் கூடாது, சத்திரமோ பள்ளிக்கூடமோ நடத்தக் கூடாது. நீ பள்ளிக்கூடம் நடத்தாதது பிள்ளைகள் செய்த புண்ணியம். வந்துவிடேன்.

காது சிவந்த தங்கை,
ஹிட்டி


வெர்மான்ட்
15 மார்ச் 1787

என் அருமைக் குட்டிப்பிசாசுக்கு,

கம்பளி வந்தது. உள்ளே நீ தைத்து வைத்த முள்ளுக்காயும் வந்தது. உன்னை வந்து கவனித்துக்கொள்கிறேன் என்று எழுத ஆசை. ஆனால் வர மாட்டேன்.

வரி பாக்கிக்காக அண்டைவீட்டாரின் மாட்டை அரசாட்கள் ஓட்டிப்போனார்கள். மனுப் போட்டோம், யாரும் படிக்கவில்லை. அதனால்தான் போனேன். அங்கே எதிர்வரிசையில், தொப்பியில் வெள்ளைத் தாளோடு அப்பா நின்றார், ஹிட்டி. பனியிலும் அந்த நொண்டல் நடையைத் தெரியாதா எனக்கு? சுதந்திரத்துக்காக இங்கிலாந்து ராஜாவோடு சண்டை போட்டு நொண்டியான கால் அது.

அவரிடம் கேள்: அந்தச் சண்டை எதற்கு?

ஈபன்


ஸ்டோன்ஃபீல்ட்
23 மார்ச் 1787

பிடிவாதத்தில் அப்பாவை அப்படியே உரித்து வைத்த அண்ணனுக்கு,

கேட்டேன். பாகு கிளறிக்கொண்டே சொன்னார்: "ராஜாவை நாம உட்கார வைக்கல, அதனால சுட்டோம். பாஸ்டன்ல ஆட்சியில இருக்கறவங்கள நாமதானே கை தூக்கி உட்கார வெச்சோம்? கை தூக்கியே இறக்கணும். அதுக்குத் துப்பாக்கி எதுக்குடி?"

எழுதிவிட்டேன். என்னைச் சுடாதே.

ஹிட்டி


வெர்மான்ட்
28 மார்ச் 1787

ஹிட்டி,

கை தூக்கும் உரிமையையே பறித்துவிட்டார்களே, இனி எதைத் தூக்குவது என்று அவரிடம் சொல். சொந்த ஊர்க்கூட்டத்தில், வாக்கில்லாதவர்களை ஏற்றிவிடும் மாடியில் ஊமையாக உட்கார நான் வர மாட்டேன். இத்தோடு இந்தப் பேச்சை விடு.

உன்மேல் கோபமில்லை. கன்னத்தில் ஒரு கிள்ளு.

ஈபன்


ஸ்டோன்ஃபீல்ட்
3 ஏப்ரல் 1787

அண்ணா,

விட மாட்டேன். உன் கடிதத்தை அப்பாவிடமே கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நேற்று கவர்னர் தேர்தலுக்கு ஊர்க்கூட்டம். சத்தியம் செய்து மன்னிப்பு வாங்கிய கலகக்காரர்கள் எல்லாரும் மாடியில். கீழே முன்பெஞ்சில் அப்பாவுக்கு இடம் போட்டிருந்தார்கள். அவர் பாட்டுக்கு அதைத் தாண்டி, நொண்டி நொண்டிப் படியேறி, அவர்கள் நடுவே உட்கார்ந்துவிட்டார்.

மூப்பர் லூத்ரப் அண்ணாந்து பார்த்து, "சார்ஜெண்ட், அங்க இருக்கறவங்களுக்கு வாக்கு கிடையாது" என்றார்.

"வாக்குதான் கிடையாது. வாய் இருக்கே! இவங்க உரிமையைத் திருப்பிக் கொடுங்கன்னு பாஸ்டனுக்கு ஊர் பேர்ல மனு போகணும். அது போற வரைக்கும் நான் இறங்கறதா இல்ல. என் பையன் கேட்டது தப்பில்ல, கேட்ட விதம் தப்பு."

கீழே ஒவ்வொரு கையாக எழுந்தது. மூப்பருடையது கடைசி, ஆனாலும் எழுந்தது. மனு போகிறது. பாஸ்டன் என்ன சொல்லுமோ தெரியாது.

இது சத்தியமாக என் குறும்பு இல்லை. கீழே யார் எழுத்து என்று பார்.

ஹிட்டி

பாதையில் பனி உருகிவிட்டது.
— அப்பா


வெர்மான்ட்
9 ஏப்ரல் 1787

ஹிட்டி,

வியாழக்கிழமை கிளம்புகிறேன். சத்தியம் செய்யக் கை தூக்குகிறேன். அப்போது அப்பாவைப் பக்கத்தில் நிற்கச் சொல். வேறு எதுவும் சொல்லிவைக்காதே.

ஈபன்