படகுக்காரியைத் தேடி

மார்ச் 3, செவ்வாய்

மகள் வாங்கி அனுப்பிய விளையாட்டுப் பெட்டி வந்தது. மேல்வீட்டு எலக்ட்ரீஷியன் டிவியோடு இணைத்துக் கொடுத்தார். மகள் போனில், "இதுல வர்றவங்க எல்லாம் தமிழ் எழுத்துலதான் பேசுவாங்கப்பா. படிச்சாதான் கதை நகரும். உங்களுக்குன்னே தேடிப் பிடிச்சது" என்றாள்.

எனக்கு எழுபத்தொரு வயது. முதியோர் வகுப்பில் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. ரோடு ரோலர் ஓட்டிய கை இது. பேனா பிடித்தாலும் காகிதத்தை அமுக்கிச் சமன் செய்யத்தான் பார்க்கிறது.

மார்ச் 4, புதன்

முதலில் நாயகனுக்கு முகம் செய்யச் சொன்னது. வழுக்கைத் தலை வைத்தேன். "முடி வைங்க. இதுலயாவது இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் என் மனைவி. வைத்தேன்.

பிறகு பெயர் கேட்டது. என் பெயரையே ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தேன். கோட்டை வாசலில் ஒரு காவலாளி என்னைப் பெயர் சொல்லி வரவேற்றான். அதைப் படிப்பதற்காகவே மூன்று முறை வெளியே போய் உள்ளே வந்தேன்.

மார்ச் 6, வெள்ளி

இதுவரை பார்த்ததில் ஆறுதான் அழகு. தண்ணீரில் மேகம் தெரிகிறது. சாலைகள் மோசம். ஜல்லியைக் கொட்டிவிட்டு உருட்டாமலே போயிருக்கிறார்கள். அந்த ஊரில் ஒருவனும் தன் வேலையைத் தானே பார்ப்பதில்லை. முன்பின் தெரியாத என்னைப் பிடித்து, ஆட்டைத் தேடு, சாவியைத் தேடு என்கிறார்கள். நானும் தேடுகிறேன். கண்ணில் பட்டதையெல்லாம் பொறுக்கிப் பையில் போட்டதில், கனம் தாங்காமல் நாயகன் நின்றுவிட்டான். "அப்படியே நீங்களேதான்" என்றாள் என் மனைவி.

சண்டை மட்டும் எனக்கு வரவில்லை. ஒரே ஓநாயிடம் நாலு தடவை செத்தேன். அவளுக்குப் பொறுக்கவில்லை. "குடுங்க இப்படி. முப்பது வருஷம் சட்டைக்குப் பட்டன் தெச்சவ நான். இந்த நாலு பட்டன அமுக்க மாட்டேனா?"

ஓநாய் ஒழிந்தது. இனிமேல் படிப்பது நான், அடிப்பது அவள்.

மார்ச் 9, திங்கள்

ஒரு படகுக்காரி எங்களோடு சேர்ந்திருக்கிறாள். நாயகனை எடுத்தெறிந்து பேசுகிறாள். நான் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் என் மனைவி, "என்ன சொல்றா, என்ன சொல்றா?" என்று தோளைத் தட்டுகிறாள். படித்துக் காட்டினால் வயிறு குலுங்கச் சிரிக்கிறாள். "வாய்தான் நீளம். மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டா. நம்ம சட்டைக் கம்பெனில இருந்தா எனக்குக் கூட்டாளி ஆகியிருப்பா."

நானும் விடவில்லை. "வகுப்புக்கு வந்தா நீயே படிக்கலாமே" என்றேன்.

"இந்த வயசுல பெஞ்சுல உக்காந்து தப்பு தப்பாப் படிப்பேன், அத பத்துப் பேரு பாக்கணுமா? நீங்க படிச்சுச் சொல்றது போதும்."

இதே பதில்தான் ஒரு வருடமாக. அவள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினால் எப்படி இருக்கும் என்று வகுப்பில் அடிக்கடி நினைக்கிறேன்.

மார்ச் 10, செவ்வாய்

படகுக்காரி போய்விட்டாள்.

நான் குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், நாயகன் கரையில் தனியாக நிற்கிறான். படகும் இல்லை. "ஏதோ கேட்டா. பதில் மூணு இருந்துச்சு. இருக்கறதுலயே சின்னத அமுக்கினேன். சின்ன வார்த்தைல என்ன பெரிய வம்பு வந்துடும்னு" என்றாள் என் மனைவி.

பேசியதைத் திரும்பக் காட்டும் பக்கம் ஒன்று உண்டு. அதைத் திறந்து படித்தேன். "உனக்கு நான் சுமையா? சொல்லிவிடு" என்று படகுக்காரி கேட்டிருக்கிறாள். எங்கள் நாயகன் சொன்ன பதில் — "போ."

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "படிக்கத் தெரியாதவ எதுக்குக் கை வெச்ச?" என்று கேட்டுவிட்டேன். அவள் எழுந்து போய் அடுப்பைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த அடுப்பு.

ஏன் அப்படிச் சொன்னே? போன வருஷம் வரைக்கும் நீ மட்டும் என்னத்தக் கிழிச்சே? பஸ் நம்பர அடுத்தவன்கிட்டக் கேட்டு ஏறினவன்தானே நீ.

மார்ச் 11, புதன்

டிவி போடவில்லை. பேச்சும் இல்லை.

மார்ச் 12, வியாழன்

மகள் கூப்பிட்டாள். போனை ஸ்பீக்கரில் போட்டு நடந்ததைச் சொன்னேன். "அது தானாவே பதிஞ்சிடும்பா, பின்னால போக முடியாது. முதல்லேர்ந்து ஆரம்பிங்க. அவ திரும்ப வருவா" என்றாள்.

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "முதல்லேர்ந்து ஆரம்பிச்சா அவளுக்கு நம்மள யாருன்னே தெரியாதே. நான் விரட்டினது இவளத்தானே? இவளையே தேடுங்க."

போனை வைத்ததும் அவளிடம் போய், அன்றைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்றேன்.

"தெரியாததத்தானே தெரியாதுன்னு சொன்னீங்க" என்றாள். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, "அந்த வார்த்தை எப்படி இருக்கும்? பெருசா எழுதிக் காட்டுங்க."

காலண்டர் தாளின் பின்புறம் எழுதினேன். விரலால் தடவிப் பார்த்தாள். "முன்னால ஒரு சுருள், நடுவுல மூடி இல்லாத பெட்டி, பின்னால ஒரு கால். சரி. இனிமே இவன் எங்க நின்னாலும் நான் தொட மாட்டேன்."

மார்ச் 16, திங்கள்

தெருவில் குழாய் பதிக்கத் தோண்டியிருக்கிறார்கள். மருந்துக் கடைக்குப் போகும் வழியில் அவள் திடீரென்று நின்றாள். "இந்தச் சனியன் இங்கயும் நிக்குது பாருங்க." தடுப்புப் பலகையில், 'இவ்வழியே போகாதீர்'. சுற்றிப் போனோம்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பலகையில் இருந்த மற்றவர்கள் யார் யார் என்று கேட்டாள். ஒவ்வொன்றாக எழுதிக் காட்டினேன்.

மார்ச் 19, வியாழன்

படகில்லாமல் ஆற்றோரமாகவே நடந்துகொண்டிருக்கிறோம். பார்ப்பவரிடமெல்லாம் படகுக்காரியை விசாரிக்கிறோம். தினமும் என் மனைவி என்னிடம் எழுத்து கேட்டு வாங்கிக்கொள்கிறாள். வகுப்பு என்று பேச்செடுத்தால் மட்டும் காது கேட்பதில்லை.

மார்ச் 22, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டோம். ஆறு கடலில் சேரும் இடத்தில், கவிழ்த்த படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தாள். நாயகனைப் பார்த்து, "மறுபடியும் விரட்ட வந்தாயா?" என்றாள். அதைப் படித்துச் சொன்னேன். பதில்கள் மூன்று வந்தன.

"நீங்க வாயத் தொறக்காதீங்க" என்று ரிமோட்டை வாங்கிக்கொண்டு டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

முதல் பதில், 'எனக்கு வழி மட்டும் சொல்'. விரலை வைத்து முனகி முனகி முடித்தாள். "காரியக்காரன் பேச்சு. வேண்டாம்."

இரண்டாவது, 'போனது போகட்டும்'. முதல் எழுத்தைக் கண்டதுமே தலையை ஆட்டினாள். "ரெண்டு எடத்துல நிக்கறான். ஆகவே ஆகாது." உண்மையில் அது நல்ல பதில்தான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது இருப்பதிலேயே சின்னது. அதைக் கண்டு அவளுக்குப் பயம். வெகுநேரம் பார்த்தாள். "இந்தக் கால் தெரியும். முன்னால இருக்கறது அந்தப் பலகையில இருந்தவன்..." உதடு மட்டும் அசைந்தது. பிறகு சத்தமாகவே, "வா" என்றாள். என்னைத் திரும்பிப் பார்க்காமல் அமுக்கினாள்.

படகுக்காரி தார்ச் சட்டியை வைத்துவிட்டுத் துடுப்பை எடுத்தாள்.

"நானே கூப்பிட்டேன், வந்துட்டா" என்றாள் என் மனைவி. முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். மூவரும் படகில் ஏறிக் கொஞ்ச தூரம் போனோம். சண்டை எதுவும் வரவில்லை. தண்ணீரில் மேகம் பார்த்தோம்.

மார்ச் 23, திங்கள்

இன்றைக்கு நிறைய எழுத நினைத்தேன். வகுப்புக்கு நேரமாகிவிட்டது. அவள் செருப்பு மாட்டி, தலை சீவி, வாசலில் நிற்கிறாள். எழுதினது போதும், வாங்க என்கிறாள்.