என் தெருத் தண்ணீர்

ஞாயிறு, பிற்பகல்

அன்புள்ள தோழிக்கு,

இங்கே ரத்த அழுத்தத்தைத் தவிர மற்றதெல்லாம் நலம். உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், தலைமை அலுவலகத்து லிஃப்ட் வாரத்தில் இரண்டு நாளாவது ஓடுகிறது என்றும் நம்புகிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ சிரித்து மழுப்பிவிடுவாய். நானும் சரி விடு என்று வைத்துவிடுவேன். இருபத்திரண்டு வருடம் ஒரே குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அப்படித்தான் காலம் தள்ளினோம். இந்த முறை எனக்கு அப்படி விட மனம் வரவில்லை.

நீ மாற்றலாகிப் போய்க் காலியான நாற்காலியில் மைனா உட்கார்ந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. கதவில் 'தலைமை ஆய்வாளர்' என்பதற்குக் கீழே அவள் பெயர்ப் பலகை. உன் பலகையைக் கழற்றிய இடத்தில் வெளிறிய தடம் ஒன்று இருந்தது. அவள் பெயர் உன்னுடையதைவிட நீளம் என்பதால் அந்தத் தடமும் மறைந்துவிட்டது. இதையெல்லாம் நான் அளந்துகொண்டிருக்கிறேன் என்று சிரிக்காதே. வேலைக்கு வந்த நாளிலிருந்து வாய் ஓயாமல் பேசுகிறாள் என்று அவளுக்கு மைனா என்று பெயர் வைத்ததே நீதான். இப்போது அந்தப் பேச்சைக் கேட்க ஆட்கள் அறைக்குள் போகிறார்கள், சிரிப்புச் சத்தம் மட்டும் வெளியே வருகிறது. டீ கொண்டுவருபவர் முன்பெல்லாம் முதல் டம்ளரை என் மேசையில்தான் வைப்பார். இப்போது என்னிடம் வந்து சேரும்போது டீயில் ஆடை படிந்திருக்கிறது. கேட்டால், "மேடம் ரூம் வழியில இருக்கு, அதான்" என்கிறார். அந்த அறை இருபத்திரண்டு வருடமாக அதே இடத்தில்தான் இருக்கிறது.

வீட்டிலும் ஆறுதல் இல்லை. "ஒரு நாற்காலிக்காகவா இப்படி மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கே?" என்று கேட்கிறார் இவர். மகள் இன்னும் ஒரு படி மேல். "பொறாமைன்னு ஒண்ணு இருக்கும்மா, அதையும் ஒரு புட்டியில பிடிச்சு டெஸ்ட் பண்ணிப் பாரு" என்றாள். துவைத்து மடித்து வைத்திருந்த துணிகளை எல்லாம் உதறி மறுபடியும் மடித்தேன்.

நீ அவளுக்குப் போன் செய்து அரை மணி நேரம் பேசினாயாம். அவளே சொன்னாள். எனக்கு வந்தது இரண்டு வரிக் குறுஞ்செய்தி. மனதைத் தளரவிடாதே என்று எழுதியிருந்தாய். நன்றி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பதவிக்கு என்னையும் மைனாவையும் நேர்காணல் செய்த குழுவின் நடவடிக்கைக் குறிப்புக்கு நகல் கேட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை கைக்கு வந்தது. குழுவில் மூன்று பேர்: தலைவராகச் செயற்பொறியாளர், பிறகு நிர்வாக அதிகாரி, நீ. மூன்றாம் பத்தியை அப்படியே எழுதுகிறேன்: 'உறுப்பினர்களுள் ஒருவர், தமது தெருவின் தண்ணீர்ப் பிரச்சினை காரணமாக, நேர்காணல் தொடங்குமுன் வெளியேறினார்.'

முதலில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். நீ எழுந்து "இது என் தெருத் தண்ணீர்" என்று சொல்லியிருக்கிறாய். குறிப்பெடுத்த தட்டச்சர் உங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்.

பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. அதை மேல்முறையீட்டில் எப்படி விளக்குவது என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். 'எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. தன் வீடு இருக்கும் தெருவிலிருந்து வரும் மாதிரியை யாரும் தானே சோதிப்பதில்லை. என் தெருத் தண்ணீர் என்று சொல்லி அடுத்த மேசைக்குக் கொடுத்துவிடுவோம். நாளடைவில், வேண்டியவர்கள் சம்பந்தப்பட்ட எந்தக் காரியத்திலிருந்தும் ஒதுங்கிக்கொள்ள அதையே சொல்லப் பழகிவிட்டோம்.' எழுதி முடித்துப் படித்தால் ஏதோ குழந்தைகள் விளையாட்டின் விதிமுறை போல இருக்கிறது. நான் உன் தோழி என்பதால் நீ விலகினாய் என்று அந்தக் குறிப்பில் ஒரு சொல்லும் இல்லை. ஆகவே விலக வேண்டிய இன்னொருவர் இருந்தாரா என்ற கேள்விக்கும் அதில் இடம் இல்லை.

அந்த இன்னொருவரைப் பற்றி எனக்கு முடிவு வந்த பிறகுதான் தெரியும். மைனா நடையில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். "சரிங்க அத்தான், ஜாயினிங் ரிப்போர்ட்டை இன்னிக்கே அனுப்பிடுறேன்" என்றாள். பணியேற்பு அறிக்கை போவது செயற்பொறியாளருக்கு மட்டும்தான். கூட்டங்களில் அவரை 'சார்' என்பதோடு நிறுத்திக்கொள்வாள். இத்தனை வருடத்தில் வாய் தவறியதில்லை. விசாரித்தேன். அவருடைய மனைவி இவளுக்குப் பெரியம்மா மகள்.

நீ இதை அறியாதவள் அல்ல. இரண்டு வருடம் முன்பு, அக்காவின் மாமியார் இறந்துவிட்டார் என்று அவள் விடுப்பு கேட்டபோது கையெழுத்துப் போட்டவள் நீ. அதே நாளில் தாயார் இறந்தது யாருக்கு என்று உனக்குத் தெரியும். கூடத்தின் சார்பில் மாலை வாங்கிக்கொண்டு போனதே நீதான். நான் அன்று காய்ச்சலில் படுத்திருந்தேன்.

அப்படியிருக்க, உன் தெருவை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கிறாய். நீ எழுந்தால் அவரும் எழுந்துவிடுவார் என்று நினைத்தாயோ என்னவோ. அவர் உட்கார்ந்தே இருந்தார். அவர் கொட்டாவி விட்டால்கூடச் சேர்ந்து கொட்டாவி விடுகிற நிர்வாக அதிகாரி பக்கத்தில் இருந்தார். நேர்மையாக இருந்தவள் வெளியே, மற்றவர்கள் உள்ளே. உன் நேர்மைக்கு நான்தான் விலை கொடுத்தேன் என்று எழுதினால் நாடகம் போல இருக்கும். ஆனாலும் எழுதிவிட்டேன், அடிக்கப் போவதில்லை.

மேல்முறையீட்டுக்கு அடுத்த வெள்ளி கடைசி நாள். எனக்கு உன்னிடமிருந்து ஒரு கடிதம் வேண்டும். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள், நீ ஏன் எழுந்தாய், அவருக்கு அவள் என்ன உறவு. இந்த மூன்றும் போதும்.

புதன், மதியம்

ஞாயிறன்று எழுதியதைத் தபாலில் சேர்க்கவில்லை. உறையில் போட்டுப் பையிலேயே வைத்திருந்தேன். இப்போது பிரித்து மேலே எழுதுகிறேன்.

திங்களன்று குளிர்ப்பெட்டி அறையில் புட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது மைனா வந்து கதவைச் சாத்தினாள். நான் நகல் வாங்கியது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. சுற்றி வளைக்கவில்லை. "அக்கா, அத்தான் அந்த ரூம்ல இருந்தது எனக்கும் பிடிக்கல. முந்தின நாளே சொன்னேன். உன் வேலையைப் பாருன்னு சொல்லிட்டார். அதுக்கப்புறம் நான் வாயை மூடிக்கிட்டேன், அது என் தப்புதான்" என்றாள். அவள் வாயை மூடிக்கொண்டதாக வரலாற்றிலேயே அது ஒரு நாள்தான் இருக்கும் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. அதற்குள் அவளே தொடர்ந்தாள்: "நீங்க அப்பீல் போடுங்க. சொந்தம்தான்னு நானும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன். வேற ஆளுங்களை வெச்சு இன்னொரு தடவை கூப்பிடட்டும், வரேன். யாருக்குக் கிடைச்சாலும் அப்புறம் நிம்மதியா டீ குடிக்கலாம்."

நன்றி என்றேன். அவள் போன பிறகு மிச்சப் புட்டிகளை அடுக்கி முடித்தேன். இதுவரை அவளிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது, அநியாயத்துக்கு ஆளானவள் என்ற பெயர். அதையும் இவள் இவ்வளவு சுலபமாக வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டாளே என்றுதான் முதலில் வயிறு எரிந்தது. இப்படி எரிகிறவள் நியாயத்தைப் பற்றி மேல்முறையீடு எழுதலாமா என்று தெரியவில்லை.

இன்னொன்றும் உன்னிடம் சொல்ல வேண்டும். போன வருடம் பிரசவ மருத்துவமனைத் தொட்டியின் தண்ணீர் வந்தது. சோதித்தவள் நான். கிருமி இல்லை என்று எழுதிவிட்டேன். சரிபார்க்கும் முறை மைனாவுடையது. கிருமி வளரவிடும் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, ஓரத்துல நாலு புள்ளி இருக்கு, இன்னொரு தடவை எண்ணுங்களேன்" என்றாள். நாலு இல்லை, ஆறு இருந்தது. தொட்டியைக் கழுவச் சொல்லி அன்றே தாக்கீது போயிற்று. அவள் உன்னிடம் சொல்லவில்லை, வேறு யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அன்றிலிருந்துதான் எனக்கு அவள் சிரிப்பு பிடிக்காமல் போனது என்று இப்போது கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரிகிறது.

வேற்று ஆட்கள் உட்கார்ந்து நியாயமாகக் கேள்வி கேட்டு, அதன் பிறகும் அவள் பெயரையே அறிவித்தால் நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வேன்? இப்போதாவது செயற்பொறியாளரைத் திட்டலாம், நிர்வாக அதிகாரியைத் திட்டலாம், உன்னையும் திட்டலாம். அப்போது திட்ட ஆள் இருக்காது. இரண்டு இரவு இதையே யோசித்தேன். பேசாமல் இருந்துவிடலாம் என்றும் தோன்றியது. இவர்கூட, "அதான் சொல்றேன், விட்டுத் தொலை" என்றார். ஆனால் செயற்பொறியாளர் அந்தக் குழுவில் நகராமல் உட்கார்ந்திருந்தது தவறு. எனக்குப் பொறாமை இருப்பதால் அது சரியாகிவிடாது.

இன்று காலை மேல்முறையீட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். உன் கடிதத்துக்குக் காத்திருந்தால் என் தைரியம் வடிந்துவிடும். மைனா எழுதித் தந்ததை இணைத்திருக்கிறேன். அவள் கையெழுத்தும் அழகாகத்தான் இருக்கிறது. சாட்சி என்ற இடத்தில் உன்னைக் கேட்காமலே உன் பெயரை எழுதிவிட்டேன். மன்னித்துக்கொள்.

உன்னைக் கூப்பிடுவார்கள். தெருத் தண்ணீர் என்றால் என்ன என்று கேட்பார்கள், சொல். அவருக்கு அவள் யார் என்று கேட்பார்கள், அதையும் சொல். நம் இருவருக்கும் வேலை கற்றுக்கொடுத்தது ஒரே ஆள். மைனாவுக்குக் கற்றுக்கொடுத்தது நீ. ஆகவே, நானா அவளா, யார் கெட்டிக்காரி என்றும் யாராவது கேட்கக்கூடும்.

அதற்கு மட்டும் பதில் சொல்லாதே. பொய் சொல்லச் சொல்லவில்லை. சும்மா இருந்துவிடு, எனக்காக.

முழங்காலைப் பார்த்துக்கொள். நீயும் உன் வீட்டாரும் குறையில்லாமல் இருக்க வேண்டும்.

மாறாத அன்புடன்,
நான்